விதியும் விதியும்

விதி என்று ஒரு சொல். அதற்குப் பொருள் இரண்டு. மன்றத்திலே மக்கள் கூடி வகுத்து, ஏட்டிலே எழுதி, எவரும் படித்தறியுமாறு வைப்பது ஒரு விதி. எவனோ தலையிலே எழுதினான், எழுதியதை எவரும் படித்ததில்லை, படிக்கவும் முடியாது, ஆயினும் பணிந்தே தீரவேண்டும் என்பது மற்றொரு விதி. முன்னது மனிதன் ஆக்கியது. தவறெனக் கண்டால் மாற்றலாம். பின்னது மனிதனை மடக்குவதற்கென்றே ஆக்கப்பட்டது; மாற்ற முனைபவனைப் பாவி என்பார்கள். ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் ஒண்டுக் குடித்தனம் நடத்துவதால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று.

அந்தக் குழப்பத்தைத் தெளிவிக்கும் ஆசான் ஒருவன் இருக்கிறான். கோவிலிலே இல்லை, மடத்திலே இல்லை, ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலே இருக்கிறான். முகம் சுளிக்காதீர், தோழர்களே! சூதாட உங்களை அழைக்கவில்லை. போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் அடிப்படை விதிகளை ஒரு புதியவன் கற்கத் தொடங்கினால், எதைக் கற்றுத் தெளிகிறான், எதைக் கற்காமல் விட்டு அழிகிறான் என்று ஆராயவே அழைக்கிறேன்.

கல்வராயன் மலையின் அடிவாரத்திலே கச்சிராயபாளையம். அருகே கோமுகி அணை. சுற்றிலும் கரும்பு, கரும்பைப் பிழியக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. உழைப்பை நம்பி வாழும் ஊர். மரத்தடியில் துண்டை விரித்து ஆடும் 'மூணு சீட்டு' தமிழகத்தின் எந்தச் சிற்றூருக்கும் புதிதன்று. அந்த மூணு சீட்டுக்கு அண்ணன் முறை போக்கர். கோட்டு அணிந்து, வெளிநாட்டு மாளிகைகளில் வளர்ந்த அண்ணன். அண்மை ஆண்டுகளில் கைப்பேசி என்னும் கதவைத் திறந்துகொண்டு மலையடிவாரம் வரையிலும் வந்துவிட்டான். மரத்தடிக்குக் காவலர் வருவார் என்ற அச்சமாவது உண்டு. உள்ளங்கைக்குள் ஆடியவனுக்கு அதுவும் இல்லை.

"இதைக் கற்கலாமா?" என்று அந்த ஊர் இளைஞன் ஒருவன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர் சொல்வார்: "தொட்டாலே பாவம்!" வணிகன் சொல்வான்: "தொட்டாலே பணம்!" இருவருமே அவனுக்கு விதிகளைச் சொல்லவில்லை. பாவம் என்பவர் சொல்லத் தெரியாதவர். பணம் என்பவன் முழுதும் சொல்ல விரும்பாதவன். நாம் சொல்வோம்.

நான்கு இனங்கள், இனத்துக்குப் பதின்மூன்று சீட்டுகள். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று நம் மக்கள் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்ட பெயர்கள். நான்கு என்றதும் நால்வருணம் நினைவுக்கு வரும். ஆனால் போக்கரில் அந்த நான்கினுள் உயர்ந்தது ஏதுமில்லை, தாழ்ந்தது ஏதுமில்லை! ராஜா உண்டு, ராணி உண்டு; ஆயினும் 'ஏஸ்' என்னும் ஒற்றைப் புள்ளிச் சீட்டு ராஜாவையும் வெல்லும். துணையின்றித் தனித்து நிற்கும் ராஜாவை இரண்டு 'இரண்டுகள்' சேர்ந்து வீழ்த்திவிடும். பிறப்பு வலிமையன்று, சேர்க்கையே வலிமை.

இன்று பெரிதும் ஆடப்படும் முறையில், ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவிலே ஐந்து சீட்டுகள் அனைவருக்கும் பொதுவாகத் திறக்கப்படும்; முதலில் மூன்று, பிறகு ஒன்று, மீண்டும் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவனுடைய 'கை'. நடுச் சீட்டுகளைத் திறப்பதற்கு முன்பு ஒருமுறை, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒருமுறை, ஆக நான்கு முறை பந்தயம். பிறர் வைத்ததற்கு ஈடு வைக்கலாம். அதற்கு மேல் கூட்டலாம். சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இறுதிவரை நின்றவர்களுள் உயர்ந்த கைக்கு வெற்றி. ஒருவனைத் தவிர மற்றவர் எல்லாரும் ஒதுங்கிவிட்டால், அவன் சீட்டைக் காட்டாமலே வெல்வான்.

எது உயர்ந்த கை? இங்கேதான் பகுத்தறிவாளன் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஒரே இனமாகவும் வரிசையாகவும் அமைபவை 40. நான்கு ஒத்தவை 624. மூன்று ஒத்து, மற்ற இரண்டும் தமக்குள் ஒத்தவை 3,744. ஒரே இனமாக மட்டும் அமைபவை 5,108. வரிசையாக மட்டும் அமைபவை 10,200. மூன்று ஒத்தவை 54,912. இரண்டு இணை உடையவை 1,23,552. ஓர் இணை உடையவை 10,98,240. ஒன்றுமே சேராதவை 13,02,540. அரியது மேலே, மலிந்தது கீழே. இந்த வரிசையை எந்த முனிவனும் அருளவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் மூணு சீட்டுக்கு வாருங்கள். அங்கே மொத்தம் 22,100 கைகள். ஒரே இனமாக மட்டும் அமைபவை 1,096. வரிசையாக மட்டும் அமைபவை 720. ஆகவே அண்ணன் வீட்டில் இனம் வரிசையை வெல்லும். தம்பி வீட்டில் வரிசை இனத்தை வெல்லும். கணக்கு மாறியது, தீர்ப்பும் மாறியது! மனு இப்படி ஒரு நாளாவது எண்ணிப் பார்த்து எழுதியதுண்டா?

இன்னொன்றும் காண்க. மூணு சீட்டில் மூன்றும் ஒத்த கையே முதன்மையானது. அப்படிப்பட்ட கைகள் 52. அதற்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டுள்ள, ஒரே இனத்தில் வரிசையாக அமையும் கைகளோ 48 மட்டுமே. அரியது கீழே, எளியது மேலே! கணக்கில் பிழையில்லை. வழக்கம் வந்து கணக்கின் தலைமீது உட்கார்ந்துகொண்டது. "முன்னோர் அப்படித்தான் ஆடினர்" என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் கிடையாது. சீட்டுக்கட்டிலேயே சம்பிரதாயம் புகுந்திருக்கிறதென்றால், சமுதாயத்தில் எத்தனை புகுந்திருக்கும்!

புதியவன் அடுத்துக் கற்பது ஒதுங்குதல். ஐந்து சீட்டு எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட கைகளில் ஒன்றுமே சேருவதில்லை என்று கண்டோம். அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் துணிந்து நிற்பவன் வீரனல்லன், கணக்கறியாதவன். "பத்து முறை கெட்ட சீட்டு வந்தது, பதினோராவது முறை நல்லது வந்தே தீரும்" என்று பல்லைக் கடிப்பான் ஒருவன். கலைத்த கட்டுக்கு நினைவு ஏது? அவனுக்கு நல்ல சீட்டைக் கடன்பட்டிருப்பவர் யார்? பூசாரியை விட்டொழித்தவன், சோதிடனைச் சிரித்து விரட்டியவன், இந்த இடத்தில் தடுக்கி விழுகிறான். 'வரவேண்டியது வரும்' என்ற பழைய விதி புதிய உடையிலே வந்து அவன் தோளைத் தட்டுகிறது.

அடுத்து ஓர் அறக்கேள்வி எழுகிறது. வெறுங்கையை வைத்துக்கொண்டு, வல்ல கைபோல் நடித்துப் பந்தயத்தைக் கூட்டுவதைப் 'பிளஃப்' என்பார்கள். நமக்குப் புளுகு என்றே காதில் விழுகிறது. புளுகை விதியாக வைத்த ஆட்டத்தைப் பண்புடையவன் கற்கலாமா? அங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலிலே போக்கரை ஆராய்ந்தார். என்றுமே நடிக்காதவன் பந்தயத்தைக் கூட்டினால் எதிரிகள் எல்லாரும் ஒதுங்கிவிடுவர். ஆதலால் இடையிடையே நடிப்பது தீய குணமன்று, ஆட்டத்தின் கணக்கிலேயே அடங்கியது என்று காட்டினார்.

எதிரே இருப்பவனுக்குத் தான் ஏமாற்றப்படலாம் என்பது தெரியும். அவனும் அவ்வாறே நடிக்கலாம் என்பதும் தெரியும். அறிந்து, இசைந்து, அமர்ந்திருக்கிறான். நாடக மேடையில் மன்னன் வேடம் புனைந்தவனைப் பொய்யன் என்கிறோமா? கொட்டகையை விட்டு இறங்கி, அதே வேடத்தோடு வரி வசூலிக்க வந்தால்தான் பொய்யன். ஆகவே எல்லைக்கோட்டை இவ்விடத்தில் வரைவோம்: விதி அனைவருக்கும் தெரிந்திருந்தால் அது ஆட்டம், ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது சூது.

பாரதக் கதையை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். சகுனி காய் உருட்டுவதில் வல்லவன். தருமனுக்கோ ஆசை உண்டு, ஆற்றல் இல்லை. இருந்தும் அமர்ந்தான், அழைத்தால் மறுப்பது அரச மரபாகாது என்றான். நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், இறுதியில் துருபதன் மகளை வைத்தான். அவள் ஆட்டத்துக்கு இசைந்தவளா? அவையில் அமர்ந்தவளா? இதற்குப் பெயர் தருமமாம்! விதி அறியாமல் ஆடியது அவனுடைய அறியாமை. தனக்கு உரிமையில்லாத உயிரைப் பந்தயப் பொருளாக்கியது அவனுடைய அநீதி. தாயின் நகையையும், கரும்புக்கு வாங்கிய கடனையும் கைப்பேசியிலே வைத்து இழந்தவன், அந்தத் தருமனின் நேர் வாரிசு.

கைப்பேசி மேசையின் விதி முழுவதும் ஆடியவனுக்குத் தெரிந்திருந்ததா? ஆறு பேர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாயுடன் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மூவாயிரம். ஒரு சுற்றில் நூறு ரூபாய் சேர்ந்தால், மேசைக்கு உரியவன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்கிறான். நூறு சுற்றில் ஐந்நூறு போயிற்று. அறுநூறு சுற்றில் மூவாயிரமும் போயிற்று! ஆறு பேரும் அறிஞர்களாகவே இருக்கட்டும். அவர்கள் திறமை ஒரு காசையும் புதிதாக ஆக்கவில்லை. ஒருவன் பையிலிருந்து மற்றொருவன் பைக்குப் போகும் வழியிலே சுங்கச்சாவடி. ஒருமுறையும் சீட்டைத் தொடாதவன் ஒவ்வொரு முறையும் வென்றான். 'வெல்லலாம் வா' என்ற அழைப்பு பெரிய எழுத்தில். சுங்கத்தின் கணக்கு சிறிய எழுத்தில். மேசைமேல் நடந்தது ஆட்டம். மேசைக்கும் ஆடியவனுக்கும் இடையே நடந்தது சூது.

நீதிமன்றங்கள் நெடுங்காலம் வேறொரு கேள்வியைக் கேட்டுவந்தன: திறமையா, தற்செயலா? 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமையே மிகுதி என்றது. மூன்று சீட்டாட்டத்தை முற்றிலும் தற்செயல் என்றது. 1996இல் குதிரைப் பந்தயமும் திறமையைச் சார்ந்தது என்றது. தமிழக அரசு 2021இல் இயற்றிய இணையச் சூதுத் தடையை, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. மீண்டும் சட்டம் எழுந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மறுபடியும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது.

சட்டத்தின் கேள்வி எதுவாயினும் அறத்தின் கேள்வி அதுவன்று. திறமை இருந்தால் போதுமா? பூட்டை உடைக்காமல் திறக்கும் திருடனுக்கும் திறமை உண்டு. யாருடைய இழப்பில் அந்தத் திறமை வாழ்கிறது என்பதன்றோ கேள்வி? வணிகனை மட்டும் குறைகூறுவதும் நேர்மையாகாது. 1968இல் நம் அரசே பரிசுச் சீட்டு விற்றது. நலப்பணிக்குப் பணம் திரட்டுவதே நோக்கம். ஆனால் நாள்தோறும் நற்பேற்றை எதிர்பார்க்கும் பழக்கம், நோக்கத்தைப் பார்த்தா ஒட்டிக்கொள்ளும்? 2003இல்தான் லாட்டரி தமிழகத்தில் தடை செய்யப்பட்டது.

"உழவே ஒரு சூதாட்டம்தானே? மழையும் விலையும் எங்கள் கையிலா இருக்கின்றன?" என்று கரும்பு வளர்ப்பவர் கேட்கலாம். ஐயா, உங்கள் வாழ்வில் தற்செயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வென்றால் பிறன் தோற்க வேண்டியதில்லை. உங்கள் உழைப்பால் நேற்று இல்லாத கரும்பு இன்று நிற்கிறது. சூதில் நேற்று இல்லாதது எதுவும் இன்று வருவதில்லை. மேலும், மழையின் நிலையாமைக்கு அணை கட்டினோம். விலையின் நிலையாமைக்குக் கூட்டுறவு கண்டோம். தற்செயலைக் குறைப்பது நாகரிகம். தற்செயலை விலைக்கு விற்பது சூது.

அப்படியானால் இளைஞனுக்கு விடை என்ன? கற்றுக்கொள். புளியங்கொட்டையை வைத்து ஆடு, காசை வைக்காதே. எண்ணக் கற்றுக்கொள், ஒதுங்கக் கற்றுக்கொள், எதிரியின் நடிப்பை அறியக் கற்றுக்கொள். "புளியங்கொட்டை நாளைக்குக் காசாகிவிடாதா?" என்பது வெறும் அச்சமன்று, நியாயமான அச்சம். ஆனால் அறியாமை அவனைக் காக்கவில்லையே! கைப்பேசி மேசையில் உட்கார்ந்தவர்களுள் கணக்கை முழுதும் கற்றுவிட்டு உட்கார்ந்தவர் எத்தனை பேர்? புராணங்களைப் படித்துப் பார்த்தே மறுத்தோம். படிக்காமல் மறுப்பவனை நாளைக்கே ஒரு கதாகாலட்சேபம் மயக்கிவிடும். சீட்டும் அப்படியே.

கச்சிராயபாளையத்து இளைஞனுக்கு இறுதிப் பாடம் அவன் கண்ணெதிரே நிற்கும் மலையில் இருக்கிறது. கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாகச் சாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலைவாழ் மக்கள் அதைத் தலைவிதி என்று நம்பும்படி விடப்பட்டிருந்தனர். 1976இல் அரசு மலையை ஏற்றபோது தலையெழுத்தா அழிந்தது? மனிதன் எழுதிய விதியை மனிதன் திருத்தினான், அவ்வளவுதான். அந்த மக்களின் குறைகள் யாவும் அன்றோடு தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. தீராதவையும் விதியின் குற்றமல்ல. இன்னும் திருத்தப்படாத விதிகளின் குற்றமே.

தோழர்களே! எந்த மேசையில் உங்களை உட்கார வைத்தாலும், அது சீட்டு மேசையாயினும், சந்தையாயினும், ஆட்சி மன்றமாயினும், சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். விதியை வகுத்தவர் யார்? அது எல்லாருக்கும் தெரியுமா? ஒவ்வொரு சுற்றிலும் சுங்கம் எடுப்பவர் யார்? விடை கிடைக்காத மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். எழ முடியாத மேசையென்றால், விதியை மாற்றுங்கள்!