உங்கள் விரல் யாருடையது?

போன மாதம் நாமக்கல் போயிருந்தேன். என் தாய்மாமா வீடு. காபி டம்ளரைக் கையில் கொடுத்த அத்தை, "உங்க மாமா பின்னாடி ஷெட்ல இருக்கறாரு கண்ணு. புதுசா புள்ளை பொறந்தாப்பல அந்த மெஷினோடவே கெடக்கறாரு" என்றார்.

மாமாவுக்கு வயது 68. நாற்பது வருஷம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மரவேலை செய்தவர். நாமக்கல் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெறும் சேஸிஸாக ஊருக்குள் வரும் வண்டி, முழு லாரியாக ஊரை விட்டுப் போகும். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் மாமா. ஆனால் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, ஊஞ்சல் பலகை, தொட்டில், பெஞ்ச் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்.

ஷெட்டின் நடுவில் இருந்தது அந்தப் புது மெஷின். 'டிரம் சாண்டர்' என்றார். ஓர் உருளை, அதன் மேல் உப்புத்தாளை நாடா மாதிரி சுற்றி இறுக்கியிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கீழே ஒரு பெல்ட், பலகையை மெதுவாக உள்ளே இழுத்துப் போகிறது. பலகை துள்ளாமல் இருக்க, முன்னும் பின்னும் இரண்டு சின்ன உருளைகள் அமுக்கிப் பிடிக்கின்றன. இந்தப் பக்கம் சொரசொரப்பாகப் போகும் பலகை, அந்தப் பக்கம் கன்னம் மாதிரி வருகிறது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

ஆசை யாரை விட்டது? கீழே கிடந்த ஒரு துண்டுக் கட்டையை எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மெஷினுக்குள் கொடுக்கப் போனேன். மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கை சுவிட்சை அணைத்தது.

"கை யாருது மாப்ளே?"

"என்னுதுதான் மாமா."

"அப்பிடித்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று இடது கையை விரித்துக் காட்டினார். ஆட்காட்டி விரலில் பாதிதான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த கைதான். எப்படிப் போனது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

1998. மே மாதம். மாமா அப்போது ஒரு பட்டறையில் மேஸ்திரி. வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல். அன்று காலையில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. மகள் 1,200-க்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, இழைப்பு மெஷினில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மனசு மெஷினில் இல்லை. மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று கோயமுத்தூர் வரை போயிருந்தது. பலகை ஒரு முடிச்சில் தட்டி எகிறியது. கை மட்டும் முன்னால் போனது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இரண்டே வசனம்தான் சொன்னார்களாம். பெரியவர்கள், "எல்லாம் விதி" என்றார்கள். மற்றவர்கள், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமில்ல?" என்றார்கள்.

"ரெண்டுமே தப்பு மாப்ளே" என்றார் மாமா. "பிளேடை மூடற தகடு ஒண்ணு அந்த மெஷினோடவே வந்துச்சு. அது இருந்தா வேலை ஓடாதுன்னு நான்தான் கழட்டி செவுத்துல மாட்டி வெச்சேன். வெரல் போன அன்னிக்கும் அது ஆணியில தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

அந்த ஆணியில் தொங்கிய தகட்டை என்னால் மறக்க முடியவில்லை. உங்களிடம் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு விபத்து நடந்ததும் நாம் ஏன் உடனே 'கவனக்குறைவு' என்கிறோம்? அது நமக்கு வசதி. அவன் கவனமில்லாதவன்; நான் கவனமானவன்; எனவே எனக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு நிம்மதி அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. ஆனால் மாமா கவனமில்லாதவரா? இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்தவர். தொழில் தெரியாதவன் மெஷினைப் பார்த்துப் பயப்படுவான். பயம் அவன் கையைத் தள்ளியே வைக்கும். தொழில் தெரிந்தவனின் கைக்குத் தானாக வேலை செய்யத் தெரியும். அதனால் மனசு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது. அதிலும் சந்தோஷமான மனசு இன்னும் தூரம் போகும்.

வள்ளுவர் இதற்காகவே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 54-வது அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் சாதாரண ஞாபக மறதி இல்லை. மகிழ்ச்சியில் தன்னை மறந்து, செய்ய வேண்டியதை நழுவ விடுவது. கோபம் அளவு மீறுவதைவிட, பெரிய மகிழ்ச்சியில் வரும் இந்த மறதி கெட்டது என்று ஆரம்பிக்கிறார். ராஜாக்களுக்குச் சொன்னதுதான். ஆனால் இழைப்பு மெஷினுக்கு எதிரே நிற்பவனும் அந்த நிமிஷத்துக்கு ராஜாதானே?

கவனம் என்பது நம் சட்டைப் பையில் இருக்கும் பொருள் இல்லை. அது வந்து போகும் விருந்தாளி. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மகள் ரிசல்ட் வந்தால் போய்விடும். அப்படியென்றால் பாதுகாப்பை அதை நம்பி விடலாமா? நாமக்கல் லாரி டிரைவரைப் பாருங்கள். மேட்டில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுகிறார். அதோடு விடுகிறாரா? இறங்கி வந்து டயருக்கு அடியில் ஒரு கட்டையும் வைக்கிறார். அதனால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றா அர்த்தம்? ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கட்டும் என்ற பணிவு அது.

மெஷினின் மூடியும் அந்தக் கட்டைதான். நிதானமாக இருக்கும் நான், நிதானம் தவறப்போகும் எனக்காகச் செய்து வைக்கும் ஏற்பாடு. 'எனக்கு எதுக்கு மூடி, இருபது வருஷ சர்வீஸ்' என்பவன் திறமையைப் பற்றிப் பேசவில்லை. தனக்கு மனசு அலைபாயாது என்று சொல்கிறான். அப்படிச் சொல்லக்கூடியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஆம், வேலி. நம் ஊரில் சோளக்காட்டுக்குக் கிளுவை வேலி போடுகிறோமே, அதே வேலி. ஆனால் கரண்டில் மெஷின் ஓடும் இடமாக இருந்தால், பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலை. 2020-ல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை 20 ஆக்கிவிட்டது.

நம் சேலம், நாமக்கல் சீமையை நினைத்துப் பாருங்கள். பள்ளிபாளையத்தில் தறி வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சேலத்தில் வெள்ளிக் கொலுசு நடுக்கூடத்தில் உருவாகிறது. தம்மம்பட்டியில் மரச்சிற்பம் வாசலிலேயே செதுக்கப்படுகிறது. பாதித் தொழில் வீட்டுக்குள்தான். வீடு என்பது இன்ஸ்பெக்டர் வராத தொழிற்சாலை. முதலாளி, தொழிலாளி, இன்ஸ்பெக்டர் மூன்றும் ஒரே ஆள். அந்த ஆள் மனசு வைத்தால்தான் உண்டு.

"என் வீடு, என் மெஷின், என் கை. என்ன ஆனாலும் நான்தானே அனுபவிக்கப் போறேன்? அடுத்தவனுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் ஹெல்மெட் விஷயத்தில் வாய் கிழியக் கேட்டவன். பதிலை அத்தையிடம் கேட்டேன்.

"ஆறு மாசம் அவருக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விட்டேன் கண்ணு. சம்பளம் இல்லாம காலேஜ் பீஸுக்கு என்ற வளையலை வெச்சோம். வெரலு அவருதுதான். வலி மட்டும் வீடு பூராத்துக்கும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தூளின் கதை இன்னும் நேரடியானது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு வட்டாரம். நாற்காலி செய்வதில் பேர் பெற்றது. 1960-களில் டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மூக்கின் உள்ளே வரும் அபூர்வமான ஒரு புற்றுநோய், அங்கே மரவேலை செய்பவர்களுக்கு மட்டும் அடிக்கடி வந்தது. 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. பயந்துவிடாதீர்கள், வருஷக்கணக்கில் தூளிலேயே வாழ்ந்தவர்களின் கதை அது. ஆனால் இளைப்பும் இருமலும் வர அத்தனை வருஷம் வேண்டாம். டிரம் சாண்டர் கிளப்பும் தூளில் கண்ணுக்குத் தெரியாததுதான் அதிகம் மிதக்கும். அடுத்த அறையில் தூங்கும் பேத்தி மூக்கைத் தேடி அது போகும். 'நான்தானே அனுபவிக்கிறேன்' என்ற வாதம் அங்கே செத்துவிடுகிறது. மாமா மெஷினுக்குத் தூள் உறிஞ்சும் குழாய் போட்டிருக்கிறார். முகத்தில் மாஸ்க். ஷெட்டின் கதவு வீட்டுப் பக்கம் இல்லை, தோட்டத்துப் பக்கம்.

நான் கொடுக்கப் போன கட்டைக்கு வருவோம். பலகை இரண்டு அமுக்கு உருளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஒரு நிமிஷம் யாருமே அதைப் பிடித்திருக்க மாட்டார்கள். அது சாயும், உருளை அதை விட்டெறியும். சின்னத் துண்டுக்குக் கையும் உப்புத்தாளும் போதும். பலகையைக் கொடுக்கும்போது விரல் அதன் அடியில் இருக்கக் கூடாது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே மாட்டினால் அது விரலையும் பலகை என்றுதான் நினைக்கும். உருளை பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். ஒரே தடவையில் நிறையத் தேய்க்கும் ஆசை கூடாது. முடி கனம், முடி கனமாக. தாள் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் பத்தாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

என்னை ஆச்சரியப்படுத்தியவை இரண்டு. ஒன்று, கையுறை கூடாது. பாதுகாப்புக்குத்தானே கையுறை என்று கேட்டேன். சுழலும் உருளை கையுறை நுனியைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுக்கும். துண்டு, தொளதொளச் சட்டை, மோதிரம், வளையல் எல்லாம் அதே கணக்கு. இன்னொன்று, பழைய லாரிப் பலகையில் ஒளிந்திருக்கும் ஆணி. உருளையில் பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறி குழாய் வழியாகத் தூள் மூட்டைக்குள் போய், ராத்திரி நாம் தூங்கும்போது புகைய ஆரம்பிக்கும். அதனால் மாமா ஒவ்வொரு பலகையையும் காந்தத்தால் தடவிப் பார்க்கிறார். சாயந்திரம் தூள் மூட்டையை வீட்டை விட்டுத் தள்ளி வைக்கிறார்.

'இப்போதெல்லாம் விரல் போனால் ஒட்ட வைத்துவிடுகிறார்களே' என்பீர்கள். உண்மை. 1965-ல் ஜப்பானில் துண்டான கட்டை விரலை ஒட்ட வைத்தார்கள். இன்றைக்கு நம் கோயமுத்தூரிலேயே செய்கிறார்கள். ஆனால் அதற்குத் துண்டான விரல் வேண்டும். இழைப்பு மெஷினும் சாண்டரும் வெட்டுவதில்லை, அரைக்கின்றன. மாமாவின் விரலில் ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சவில்லை.

மறுபடி சுவிட்சைப் போடும் முன் மாமா ஒரு காரியம் செய்தார். ஒவ்வொன்றாக விரல் நீட்டி, சத்தமாக, "சட்டை... ஆணி... கை... ஆளு" என்றார். 'ஆளு' என்னும்போது விரல் என்னைக் காட்டியது. நான் ஓர் அடி தள்ளி நின்றேன். சிரிப்பு வந்தது. பிறகு ஞாபகம் வந்தது. ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் காட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்கள். 1994-ல் அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பார்த்ததில், இப்படிச் செய்தால் தவறுகள் சுமார் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. ஊர் சுற்றப் போன மனசைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கும் வழி அது. மாமாவுக்கு ஜப்பான் தெரியாது. பாதி விரல் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் டிரம் சாண்டர் இருக்காது. கிரைண்டர் இருக்கும்; பம்ப் செட் மோட்டார் இருக்கும்; தறி இருக்கலாம்; வாசலில் பைக் நிச்சயம் இருக்கும். அவற்றோடு வந்த ஏதோ ஒரு மூடியை, ஏதோ ஓர் அவசரத்தில், 'எனக்கு எதுக்கு இது' என்று கழற்றி மாட்டியிருப்பீர்கள். இந்த வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எந்த ஆணியில் அது தொங்குகிறது?

நான் ஊர் திரும்பியதும் பார்த்தேன். என் ஹெல்மெட், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.