இரவல் கை

1

பொங்கல் வாழ்த்து அட்டையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். கரும்பு, பானை, சூரியன், ஒரு ஜோடி மாடு. ரசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ரசனை இங்கே என் பிரச்னை இல்லை. இன்னொருவன் கையால் வரைந்த எழுத்தை எடுத்து நான் ஒருவருக்கு வாழ்த்தாக அனுப்புகிறபோது அந்த வாழ்த்து யாருடையது? அதில் பொய் இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது? இவைதான் என்னை உறுத்துகிற கேள்விகள். அற்பமான பொருளிலிருந்து எழுகிற கேள்வி அற்பமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

அட்டையோடு கூடவே பிறந்த கேள்வி இது. 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் படம் வரையச் சொன்னார். வாழ்த்து வாசகமும் அதிலேயே அடங்கியிருந்தது. பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மட்டும் இடம் காலி. ஏறக்குறைய ஆயிரம் பிரதிகள். கோலுக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சியவை பிரதி ஒரு ஷில்லிங்குக்கு விற்பனைக்கு வந்தன. 1840ல் இங்கிலாந்தில் வந்த ஒரு பென்னி தபால் ஏற்பாட்டுக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் இந்த கோல். தபால் மலிந்தது, கடிதங்கள் குவிந்தன, எல்லோருக்கும் கைப்பட எழுத அவருக்கு நேரமில்லை. கடிதம் எழுத முடியாதவனின் சங்கடத்தில் பிறந்தது வாழ்த்து அட்டை. அன்பு பிற்பாடு வந்து அதில் குடியேறியது.

நம் ஊரில் கதை கொஞ்சம் வேறு. பொங்கலை மதத்துக்கு வெளியே தமிழர் திருநாளாக முன்னிறுத்தியதில் திராவிட இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாழ்த்து அனுப்புவது அந்தத் திருநாளின் சடங்குகளில் ஒன்றாயிற்று. சிவகாசி ஆப்செட் அச்சகங்கள் அதை ஒவ்வொரு தெருமுனைக்கும் கொண்டுவந்தன. மார்கழி பாதியிலேயே கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் அனுப்பினால் தபால் செலவு குறைவு. பிறகு தொலைபேசி பரவியது, கைபேசி வந்தது, அட்டைகள் போயின. இப்போது வருவது படம். ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, அந்தப் பத்துப் பேரும் அதே படத்தை வேறு பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இதில் ஒரு விநோதம். இந்தப் படங்களில் கையால் வரைந்த எழுத்துக்குத்தான் இன்று மவுசு. அச்செழுத்து குளிர்ந்துகிடக்கிறது என்கிறார்கள். கைவரைவு எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன, சில விலைக்கு, சில சும்மா. யாரும் யாருக்கும் கையால் எழுதாத காலத்தில் கை ஒரு அலங்காரமாகிவிட்டது.

2

நான் வங்கிக் குமாஸ்தா. கையெழுத்தை நம்புவதும் சந்தேகிப்பதும் என் பிழைப்பு. செக் தாளில் வங்கியின் பெயர், எண், வாசகம் எல்லாம் அச்சடித்தவை. தொகையைக்கூட வேறொருவர் நிரப்பலாம். கணக்குக்காரரின் கையொப்பம் ஒன்றுதான் அதைப் பணமாக்குகிறது. வாசகம் அவர் எழுதியதில்லையே, ஆகவே இந்த உத்தரவு பொய் என்று எந்தக் கவுண்ட்டரிலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

வாழ்த்தும் இந்த ஜாதிதான். ஜே. எல். ஆஸ்டின் 1955ல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகள் அவர் இறந்தபின் 1962ல் புத்தகமாயின. சில வாக்கியங்கள் எதையும் தெரிவிப்பதில்லை, சொல்வதன் மூலமே ஒரு காரியத்தைச் செய்கின்றன என்று அதில் அவர் காட்டினார். வாக்குறுதி அப்படி, மன்னிப்புக் கேட்பது அப்படி, வாழ்த்தும் அப்படி. "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்பதில் பெறுபவருக்கு ஒரு தகவலும் இல்லை. நான் வாழ்த்தினேனா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. சொற்களை நானே கட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. வரிவடிவத்தை நானே வரையவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதைவிடக் குறைவு. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளில் மையால் எழுதிய ஈரடிகளை வாசலின் இருபுறமும் ஒட்டுவார்கள். எழுதத் தெரியாத குடும்பம் ஊரில் கைத்திறம் உள்ளவரிடம் எழுதி வாங்கும். அந்த வீட்டின் வாழ்த்து அதனால் போலியாகிவிடவில்லை.

ஆகவே இரவல் கை தன்னளவில் குற்றமில்லை. இது என் முதல் கட்சி. கையால் வரையாத எதுவும் போலி என்கிற தூய்மைவாதம் எனக்கு உடன்பாடில்லை. அதன்படி பார்த்தால் லிகிதம் எழுதித் தருபவரை வைத்துத் தாய்க்குக் கடிதம் போட்ட அத்தனை பேரும் பொய்யர்கள்.

3

பொய் வேறொரு வழியாக நுழைகிறது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு ரஸ்கின் ஞாபகம் இருக்கலாம். 1853ல் வெனிஸ் கட்டடங்களைப் பற்றி எழுதும்போது கோதிக் வேலைப்பாட்டின் குறைகளையே அதன் உயிராக அவர் கண்டார். பிசகு இருந்தால் அங்கே ஒரு மனிதன் யோசித்திருக்கிறான், பிசகே கூடாது என்று கேட்பது தொழிலாளியைக் கருவியாக்குவது என்பது அவர் வாதத்தின் சாரம்.

"இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்பதில் ஆறு புள்ளிகள் இருக்கின்றன. கையால் எழுதினால் ஆறும் ஆறு விதம். ஒன்று உருண்டு நிற்கும், ஒன்று லேசாகச் சாயும், கடைசிப் புள்ளியில் மை தீர்ந்திருக்கும். ஈய அச்சில் ஆறும் ஒன்று. அதுவும் நேர்மைதான். அச்சு தன்னை அச்சு என்று ஒப்புக்கொண்டது. இப்போதைய கைவரைவு எழுத்துருக்கள் சிலவற்றில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் வெவ்வேறு வடிவம் வரும்படி நிரல் எழுதிவைத்திருக்கிறார்கள். பிசகு முன்கூட்டியே தயாரிக்கப்பட்டுவிட்டது. ரஸ்கின் பிசகில் கண்ட மனிதன் போய், பிசகு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை எடுத்து அனுப்புகிறவன் என்ன சொல்ல விரும்புகிறான்? "உனக்காக மெனக்கெட்டேன்" என்று. மெனக்கெடாமல் மெனக்கெட்டதன் லட்சணத்தை மட்டும் பூசிக்கொள்வதுதான் நான் சொல்லும் பொய். அதிலும் பெறுபவர் பெரிதாக ஏமாறுவதில்லை. அவரும் அப்படித்தான் அனுப்புகிறார். இருவருக்கும் தெரிந்த பொய்யை மரியாதை என்று சொல்லிவிடலாம். நஷ்டப்படுகிறவர் மூன்றாவது ஆள்.

4

1964ல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரில் போர்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் ஓயாத வேலை இருந்தது. பட்டறைகளின் பெயர்ப்பலகை, யந்திரத்தின் மேல் 'அபாயம்', மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு வாசகங்கள், தொழிற்சங்கக் கொடிமேடையில் பெயர் வரிசை, ஆயுத பூஜைக்கு மறுபடியும் எல்லாவற்றுக்கும் வண்ணம். சாக் பவுடர் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எனாமலில் எழுதுவார்கள். பிளக்ஸ் வந்தபின் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார். ஆவடிப் பக்கம் ஒரு ஸ்கிரீன் பிரின்டிங் கடைக்கு முன்பெல்லாம் பொங்கல் அட்டைக்கு எழுத்து வரைந்து கொடுத்தவர். சென்ற பொங்கலுக்குக் கிளை வாசலில் ஒட்டியிருந்த வாழ்த்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "இந்த ழ நான் போட்டது சார். வாலை உள்ளே மடக்கி, த்-க்கு அடியில கொண்டாந்து வுடுறது நம்ம பழக்கம்" என்றார். யாரோ பழைய அட்டையை ஸ்கேன் செய்து வலையில் ஏற்றியிருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் இறக்கிக்கொண்டார்கள். அவர் கோபப்படவில்லை. ழ-வை மறுபடி பார்த்ததில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பென்சிலில் நாலைந்து தரம் போட்டுப் பார்த்து, மையில் முடிக்க அரை நாள் ஆகும் என்றார்.

இதே மனிதரின் செக் ஒன்றை, கையொப்பம் மாதிரியோடு பொருந்தவில்லை என்று இதே கிளை முன்பு திருப்பியிருக்கிறது. வயதில் கை நடுங்குகிறது. விதிப்படி சரியான காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பணம் போகிற இடத்தில் அவர் கை அவருடையதுதானா என்று திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். அழகு வருகிற இடத்தில் கை யாருடையது என்று கேட்கவே நமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. அந்தப் படத்தை அனுப்பியவர்கள் வாசகத்தைப் படிக்கவில்லை. பெற்றவர்களும் படித்திருக்கமாட்டார்கள், நிறத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்கும். 'வாழ்த்து' என்ற சொல்லின் மேல் அரை நாள் கண்ணும் கையும் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். யாரையும் குறிப்பாக நினைத்து அவர் வாழ்த்தவில்லை, கூலிக்கு வரைந்தார். என்றாலும் அந்தச் சொல் தேய்ந்துபோகாமல் இருந்த கடைசி இடம் அவர் மேஜை.

கூலி வாங்கியாயிற்றே, அப்புறம் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். சட்டமே இதை இவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை விற்றபின்னும் இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையைப் படைத்தவனிடமே விட்டுவைக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துப் பாழாக்கியதை எதிர்த்து அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில், 2005ல் உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேகலுக்குப் பெயர் இருந்தது, வழக்காட முடிந்தது. ழ-வின் வாலுக்காக யார் வழக்காடுவார்கள்?

5

வங்கியைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமில்லை. கே. எம். ஆதிமூலம் (1938–2008) சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்த தலைப்பு எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். சீரான ஈய அச்சுக்கு எதிரே முனை உடைந்து, தூரிகையின் வேகம் தெரிய நின்ற எழுத்துகள். அவை ஒரு மனிதரின் கண்டுபிடிப்பு, ஓவியத்தில் அவர் பட்ட பாட்டின் உபரி. பிறகு அந்தக் கரடுமுரடை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூசிக்கொள்ளலாம் என்றாயிற்று. தீவிரத்துக்கு அது ஒரு சீருடை. அட்டையில் அப்படி எழுதியிருந்தால் உள்ளே இருப்பது நவீன கவிதை என்று வாசகன் நம்பவேண்டும். வாழ்த்து அட்டைக்காரன் அன்பின் லட்சணத்தை இரவல் வாங்குகிறான். நாம் தேடலின் லட்சணத்தை இரவல் வாங்கினோம். எது பெரிய பொய் என்பதை நண்பர்கள் முடிவு செய்யட்டும்.

6

கையின் கோணலில்தான் உண்மை இருக்கிறது என்று நான் முடிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பையன் நண்பனுக்குப் பொங்கல் வாழ்த்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெயில் பலகையில் தாளைச் செருகி, ஊசியால் பின்புறமிருந்து, வலமிருந்து இடமாக, எழுத்தை இடவலம் மாற்றி யோசித்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்தவேண்டும். திருப்பினால் புடைத்த புள்ளிகளை விரல் இடமிருந்து வலமாகப் படிக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே உயரம். ழ-வுக்கு வால் இல்லை. கோட்டின் அழகு துளியும் இல்லாத அந்தத் தாளைப் போலி என்று யாராவது சொல்லமுடியுமா? ஒருவருக்காக நேரம் செலவாகியிருக்கிறது. வாழ்த்தில் கைக்கு இருக்கிற மதிப்பு இந்தச் செலவின் மதிப்புதான் என்று எனக்குப் படுகிறது. அழகு அதற்கு ஒரு சாட்சி. சாட்சியை விலைக்கு வாங்க முடியும்.

இதிலிருந்து என் காரியத்துக்கு இரண்டு விதிகள் எடுத்துக்கொண்டேன். இரவல் எழுத்தை அனுப்பினால் வரைந்தவர் பெயரையும் சேர்த்து அனுப்புவது, பெயர் தெரியாவிட்டால் வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்றாவது எழுதுவது. அடுத்து, பெறுகிறவருக்கு மட்டுமே பொருந்தக்கூடிய ஒரு வரியை என் கோணல் கையெழுத்தில் அடியில் சேர்ப்பது. அந்த வரி தோன்றாத ஆளுக்கு அட்டை அனுப்புவதில்லை. இதனால் என் பட்டியல் மிகவும் சுருங்கிவிட்டது. முன்பு ஆண்டுதோறும் வாழ்த்தியவர்களில் பாதிப் பேரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை என்று தெரியவந்தது.

மிகச் சின்ன ஒழுக்கம் இது என்று தெரியும். பெரிய ஒழுக்கங்களைப் பற்றி நாம் ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறோம்.