புல்லைப் பிடுங்கினால் பாவமா?

வில்லியனூரில் திருக்காமீஸ்வரரையும் கோகிலாம்பிகையையும் தரிசித்துவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கும் என் பெரியம்மா மகளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் மாக்கோலம், முற்றத்தில் துளசி மாடம், எதிரே சின்னதாக ஒரு புல்தரை... எல்லாமே அழகு! அக்காவின் முகம்தான் வாடியிருந்தது.

‘‘பாருடி! பாய் விரிச்ச மாதிரி புல் வளர்க்கணும்னு ஆசைப்பட்டேன். திரும்பின பக்கமெல்லாம் கோரை! இன்னிக்குப் பிடுங்கினா நாலே நாள்ல மறுபடி நிக்குது. களைக்கொல்லி வாங்கி ஊத்திடலாம்னு பார்த்தா, எங்க அத்தை ‘பச்சைப் புல்லைக் கருக்காதே, பாவம்’கிறாங்க. நீதான் கோயில் கோயிலாப் போய் எழுதறவளாச்சே... சொல்லு, புல்லை அழிக்கிறது பாவமா?’’

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள் என்கிறது தொல்காப்பியம். உயிர் என்று ஆனபிறகு, பிடுங்கினால் வலிக்காதா என்ற கேள்வி வரத்தானே செய்யும்? பிள்ளையாருக்கு ஆசை ஆசையாக அறுகம்புல் சாற்றுகிறோம். அதே அறுகு நெல்வயலில் தலைகாட்டினால், ‘களை’ என்று பிடுங்கி வரப்பில் வீசுகிறார் விவசாயி. அப்படியானால், புனிதமும் களையும் புல்லில் இருக்கிறதா, நம் பார்வையில் இருக்கிறதா?

அன்று தோட்ட வேலைக்கு பாகூர் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்திருந்தார். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பூமி பாகூர். சிறுவயதிலிருந்தே நாற்று நட்டு, களை பறித்துக் காய்ப்பேறிய கைகள் அவருக்கு. எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

‘‘யம்மா, இது முன்னே வயலா இருந்த எடம். கோரைக்குத்தான் இது சொந்த ஊரு. நீங்கதான் புதுசா குடிவந்தவங்க!’’

நாங்களும் சிரித்தோம். ஆனாலும், அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்தது.

ஆயா களைக்கொட்டை ஆழமாக இறக்கி, ஒரு பிடி மண்ணைப் பெயர்த்துக் காட்டினார். வெள்ளை நூல் போன்ற வேர். அதில் ருத்திராட்சம் கோத்தாற்போல வரிசையாகக் கருப்புக் கிழங்குகள். மேலே தழையை மட்டும் இழுத்தால், அது பாதியில் அறுந்து கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். ஒன்றைத் தொந்தரவு செய்தால் பக்கத்துக் கிழங்கு முளைவிடும். உலகத்தின் மிக மோசமான களைகளில் ஒன்று என்று விஞ்ஞானிகளே கோரையைச் சொல்வது இதனால்தான். (பாய் முடைகிற கோரை வேறு இனம், இது வேறு.)

‘‘அப்போ மருந்தே ஊத்திடலாமே ஆயா?’’ என்றாள் அக்கா.

‘‘ஊத்தலாம்மா. மழை பெஞ்சா அது எங்கே ஓடும்? அந்தாண்ட மாடு மேயுது. கெணறு இருக்கு. அதைத்தானே நாங்க குடிக்கிறோம்?’’

அக்கா மௌனமாகிவிட்டாள். நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்கப்பட்டு வந்த களைக்கொல்லி கிளைபோசேட். மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் வீட்டுப் புல்தரையின் அழகுக்கு அடுத்த வீட்டுக் கிணறு விலை கொடுக்கலாமா? பாவம் எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது.

அதற்காக, ‘எல்லாம் உயிர்தானே’ என்று அப்படியே விட்டுவிடவும் முடியாது. பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டது. இன்று காலி மனை, சாலையோரம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதனால் தோலில் அரிப்பு வரும். சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். இரக்கப்பட்டு ஒன்றை விட்டுவைத்தால், அதன் மகரந்தம் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில் போய் முடியும். கையுறை போட்டுக்கொண்டு, பூக்கும் முன்னே வேரோடு எடுத்துவிடுவதுதான் அங்கே தர்மம். எடுப்பதும் பாவமாகலாம், எடுக்காமல் இருப்பதும் பாவமாகலாம்!

இந்த இடத்தில்தான் எனக்கு அப்பர் பெருமான் நினைவுக்கு வந்தார்.

பாகூருக்கு மேற்கே, பண்ருட்டி அருகே திருவதிகை. திருநாவுக்கரசரை சூலை நோய் தீர்த்து ஈசன் ஆட்கொண்ட தலம். அவர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரங்களில் மண்டிய புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுப்பதே அவர் செய்த திருத்தொண்டு. எவ்வுயிரிடத்தும் அன்பு கொண்ட அந்த மகான் புல்லைச் செதுக்கியிருக்கிறார். அப்படியானால், அது பாவமாக இருக்க முடியாதல்லவா?

திருப்புகலூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதையும் கேளுங்கள். அவர் உழவாரம் போட்ட இடத்தில் பொன்னும் நவமணிகளும் மின்னும்படி செய்து சோதித்தார் ஈசன். அப்பர் அசரவில்லை. பருக்கைக் கல்லை வாருவதுபோல் அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டார்!

நாமாக இருந்தால் முந்தானையில் முடிந்துகொண்டிருப்போம். அவருக்கோ, அடியார்கள் வலம் வரும் பாதையில் காலை உறுத்தும் எதுவும் களைதான். புல்லானாலும் சரி, பொன்னானாலும் சரி. புல்லின் மீது அவருக்குக் கோபமும் இல்லை, பொன்னின் மீது ஆசையும் இல்லை. தன் கையால் குனிந்து செய்தார், பிறருக்காகச் செய்தார், அடுத்த உயிருக்குத் தீங்கில்லாமல் செய்தார்.

அக்காவிடம் இதையே சொன்னேன். ‘‘பிடுங்குறது பாவமில்லைக்கா. கோபத்துல, அவசரத்துல, யாரோட தண்ணியைப் பத்தியும் யோசிக்காம அழிக்கிறதுதான் பாவம்னு எனக்குத் தோணுது.’’

மண் ஈரமாக இருக்கும்போது ஆழமாகக் கொத்தி, கிழங்கோடு எடுக்க வேண்டும். எடுத்த கிழங்கைக் கோடை வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். நிழல் கோரைக்கு ஆகாது. நல்ல புல்லை ஒட்ட வெட்டாமல் அடர்த்தியாக வளர்த்தால், கோரை தானே மெலியும். ஆயா சொல்லிக்கொடுத்த பாடம் இவ்வளவுதான். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வாரா வாரம் குனிய வேண்டும்.

இன்னொன்றும் செய்தார் ஆயா. ஒரு கிழங்கைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார். அப்படியொரு வாசனை! நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்காகக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தக் கோரைக்கிழங்குதான் இது!

வேதாந்தம் படித்த பெரியவர்கள், மனத்தின் அடியில் தங்கிவிட்ட பழைய பதிவுகளையும் ‘வாசனை’ என்றே சொல்வார்கள். மாமியார் சொன்ன ஒரு சொல், நாத்தனார் செய்த ஓர் அவமானம்... மேலே அறுத்துவிட்டோம் என்று நினைப்போம். நாலு நாளில் மறுபடி முளைத்து நிற்கும். அதையும் பொறுமையாகக் கிழங்கோடுதான் தோண்ட வேண்டும்.

சென்ற மாதம் போனில் கேட்டேன், ‘‘கோரை போயிடுச்சாக்கா?’’

‘‘முழுசாப் போகலைடி. ஆனா, குறைஞ்சிருக்கு. சாயங்காலம் விளக்கேத்தறதுக்கு முன்னாடி, நானும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் களை எடுக்கிறோம். பேசிக்கிட்டே!’’

கோரை முழுசாகப் போகாமல் இருப்பதும் நல்லதற்குத்தானோ என்று தோன்றியது எனக்கு.