ஒப்பனையும் உரிமையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. ஆயின், அந்த ஆடைப் பாதி யாருக்கு உரியது? அணிபவருக்கா, காண்பவருக்கா? இவ்வினாவை ஆராய்வதற்கு மேனாட்டு ஒற்றர் திரைப்படங்களிலே தோன்றிய பெண்கள் தக்க சான்றாவர். 1950களிலும் 1960களிலும் அவர்கள் அணிந்த ஆடைகளை மாதிரியாகக் கொண்டு பழம்பாணியில் உடுத்துவோர் இன்றும் உளர். அவ்வொப்பனை பெண்ணுக்கு ஆற்றல் தருகின்றதா, அன்றி அவளைக் காட்சிப் பொருளாக்குகின்றதா என்பதே இங்கு எழும் அறவியற் பிரச்சினை.

முதற்கண் ஒரு முரண்பாட்டை நோக்குதல் வேண்டும். பிறர் கண்ணிற் படாதிருத்தல் ஒற்றரின் தொழில். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்கு இரகசியமாக அனுப்பப்பட்ட பெண்களுக்குப் பிரெஞ்சு முறையிலேயே உடைகள் தைத்துக் கொடுக்கப்பட்டன. தையலின் சிறு வேறுபாடும் அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடலாம் என்ற அச்சமே காரணம். 1943இல் அங்கு சென்று வானொலிக் கருவி மூலம் செய்தி அனுப்பிய நூர் இனாயத் கான், 1944 செப்டெம்பரில் டஹாவு வதைமுகாமிற் கொல்லப்பட்டார். அத்தகையோருக்கு ஆடை உயிர்க்காப்பு. எவரும் அதனை நினைவிற் கொள்ளாமையே அதன் சிறப்பு. திரைப்படத்துப் பெண் ஒற்றரின் ஆடையோ, கண்டவர் மறவாதிருக்கவே தைக்கப்படுகின்றது. எனவே, அது பெரும்பாலும் காண்போரின் தேவைக்காகவே அமைந்தது எனலாம்.

1959இல் வெளிவந்த 'நோர்த் பை நோர்த்வெஸ்ட்' படத்தின் நாயகி, கொடியோரின் நடுவே மதிநுட்பத்தால் உயிர் காக்கும் உளவாளி. ஆயின், நெறியாளர் ஹிட்ச்கொக், அவ்வேடந் தாங்கிய ஈவா மேரி செயின்றை நியூயோர்க்கின் புகழ்பெற்ற ஆடையகமொன்றுக்குத் தாமே அழைத்துச் சென்று, உடைகளைத் தெரிவு செய்வித்தார். 1962இல் வந்த 'டொக்டர் நோ' இன்னும் தெளிவான சான்று. வெண்ணிற நீச்சலுடையிற் கடலிலிருந்து எழுந்துவரும் ஏர்சுலா அன்ட்ரெஸ் உலகப் புகழ் பெற்றார். ஆனால், அப்படத்தில் நாம் கேட்கும் பேச்சு அவருடையதன்று. நிக்கி வான் டெர் சில் என்பவரே அவருக்காகப் பேசினார். அவரது பெயரோ படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒருத்தியின் உருவம் கொள்ளப்பட்டது, குரல் தள்ளப்பட்டது. மற்றொருத்தியின் குரல் கொள்ளப்பட்டது, பெயர் மறைக்கப்பட்டது. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்ற காண்டின் அறநெறி இங்கு மீறப்பட்டதன்றோ?

இதனைக் கொண்டு ஒப்பனையே தீது என முடிவு கட்டுவோரும் உளர். அம்முடிவு பொருந்தாது. பெண்ணின் உடையை அளந்து அவளது ஒழுக்கத்தை அளப்பவரும், அவ்வுடையைக் கண்டு மயங்குபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் உடையைக் காண்கின்றனர், உடுத்தவளைக் காண்பதில்லை.

1965 முதல் 'தி அவெஞ்சர்ஸ்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் எம்மா பீல் என்ற பாத்திரத்தை ஏற்றவர் டயானா றிக். ஆடவரைக் கவரும் தன்மை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கத்திலிருந்தே அப்பெயர் உருவாக்கப்பட்டது. ஜோன் பேட்ஸ் அவருக்காக வடிவமைத்த உடைகள் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. பெயரும் உடையும் பிறரால் ஆக்கப்பட்டவையே. எனினும், தமது ஊதியம் கமராக் கலைஞரின் ஊதியத்திலுங் குறைவென அறிந்தபோது றிக் வாளாவிருக்கவில்லை. வெளிப்படையாக உயர்வு கேட்டார், பெற்றார். அன்று அவருக்குத் துணைநின்றோர் மிகச் சிலரே.

ஆகவே, ஒப்பனையின் நன்மை தீமையை நூலிலும் நிறத்திலும் தேடுதல் வீண். அதனை அணிபவள் தானே தெரிந்தாளா, வேண்டாமென விலக்க அவளுக்கு உரிமை உண்டா, அவள் பேசும்போது கேட்போர் உளரா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். இன்று அப்பழம்பாணி உடையை விரும்பி அணியும் பெண், அன்றைய நடிகையருக்குக் கிட்டாத தெரிவுரிமையைப் பெற்றிருத்தல் கூடும். அவளது உடையைப் பாராட்டுவோர் அவளது சொல்லையும் செவிமடுப்பரேல், அவ்வழகு அவளுக்கே உரியதாகும்.