வீட்டுப் புல்தரையும் அனர்த்த தண்டமும்

அமெரிக்க நாட்டுப்புறத்தில் இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வைத்திருப்பவர், வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை வாரந்தோறும் இயந்திரத்தில் ஏறி அமர்ந்து புல் வெட்டுவது, கேள்வி கேட்கத் தேவையில்லாத கடமையாகவே அங்கு கருதப்படுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும் என்பதற்குத் தோட்டக்கலை விடை சொல்லிவிடும். ஆனால் வெட்டாவிட்டால் யாருக்கு என்ன குறை என்று கேட்கும்போது, அந்த வினா அறவியலின் எல்லைக்குள், அதாவது ஒரு செயல் செய்யத்தக்கதா தவிர்க்கத்தக்கதா என்று ஆராயும் துறைக்குள், வந்துவிடுகிறது.

இந்தக் கடமையின் வயது அதிகமில்லை. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை, ஒட்ட வெட்டிய பரந்த புல்தரை என்பது அரிவாள் பிடிக்கும் ஆட்களையோ மேயும் ஆடுகளையோ வைத்திருந்த பெருநிலக்கிழார்களுக்கே இயன்றது. அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பத்தின் ஒழுக்கமாக மாறியதில் சமயத்துக்கும் பங்குண்டு. 1870இல் புறநகர் வீட்டு நிலங்களை அழகுபடுத்துவது பற்றி நூல் எழுதிய ஃபிராங்க் ஸ்காட், தன் நிலத்தின் அழகை வேலியிட்டுப் பிறர் கண்ணுக்கு மறைப்பது கிறித்தவப் பண்புக்கு ஒவ்வாதது என்று வாதிட்டார். அண்டை வீட்டாரின் பார்வைக்கு உரியதாகிவிட்ட புல்தரையைச் சீராக வைத்திருப்பது, அவ்வாறே அண்டை வீட்டாருக்குச் செலுத்தும் கடனாகியது. 1899இல் பொருளியலறிஞர் தார்ஸ்டீன் வெப்ளன் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். புல்தரைக்குப் பொருத்தமான உயிர் பசுதான் என்றாலும், பசு சிக்கனத்தையும் பயன்பாட்டையும் நினைவூட்டுவதால் செல்வர்கள் அதைத் தவிர்க்கிறார்கள் என்பதும், பயனின்மையே அங்கு மதிப்பின் அடையாளமாகிறது என்பதும் அவர் கருத்து. மேய்ச்சலும் விளைச்சலும் தராத நிலத்தை ஓயாமல் பராமரிக்க முடிவதே உடைமையாளரின் தகுதியைச் சொல்லிவிடுகிறது.

புல்லின் இயல்பைப் பார்த்தால், வாரக்கணக்குக்கு அதில் வலுவான ஆதாரம் கிடைப்பதில்லை. தாளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டலாகாது என்பது தோட்டக்கலையில் ஏற்கப்பட்ட விதி. மூன்று அங்குல உயரத்தில் வைத்திருக்க விரும்புபவர் அது நாலரை அங்குலம் ஆனபின் வெட்டினால் போதும். வட மாநிலங்களில் பரவலாக உள்ள கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர்பருவப் புற்கள் வசந்தத்தில் அந்த அளவை ஒரு வாரத்திலேயே எட்டக்கூடும். கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும் வளர்ச்சியை நிறுத்தி உறங்குநிலைக்குச் சென்றுவிட்டால், பல வாரங்களுக்கு வெட்ட வேண்டியதே இல்லை. இந்த விதியும்கூட, புல்லைக் குட்டையாக வைத்திருப்பது என்று ஒருவர் முன்பே முடிவு செய்துவிட்டால் எப்படி வெட்டுவது என்றுதான் சொல்கிறது. வெட்டத்தான் வேண்டுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விடுபட்ட அந்த வினாவை நேராக எடுத்துக்கொண்டது இந்தியச் சமண மரபு. புல்லையும் மரத்தையும் தொடுவுணர்ச்சி ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள் என்று தொல்காப்பிய மரபியல் வகுப்பது தமிழ் வாசகர் அறிந்ததே. சமணத்தில் இவ்வகைப்பாடு கொல்லாமை அறத்தோடு பிணைந்திருக்கிறது. இதே எண்ணம் சமணத்துக்கு வெளியிலும் இருந்தது. மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரிந்த பௌத்தத் துறவிகள் பசும்புல்லை மிதித்து ஓரறிவுயிர்களைத் துன்புறுத்துவதாக மக்கள் குறைகூறியதன் பேரிலேயே, புத்தர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் நெறியை வகுத்ததாகப் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகம் கூறுகிறது. இவை துறவிக்குரிய கண்டிப்புகள். உழுதும் சமைத்தும் வாழும் இல்லறத்தாருக்கு ஓரறிவுயிரின் கொலையை முற்றிலும் விலக்குவது இயலாது என்பதை உணர்ந்த சமண ஆசாரியர்கள், அவர்களுக்கு வேறொரு வரம்பிட்டனர். அதுவே அனர்த்த தண்ட விரதம், அதாவது பயன் ஏதுமில்லாமல் பிற உயிர்க்கு இழைக்கும் தீங்கிலிருந்து விலகும் நோன்பு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இதன் ஐந்து வகைகளைக் கூறுமிடத்தில், கவனமின்மையால் வீணே மண்ணைக் கிளறுவதையும் நீரை இறைப்பதையும் செடிகொடிகளை வெட்டுவதையும் ஒரு வகையாக எண்ணுகிறது. அந்நூலைத் தழுவியெழுந்த அருங்கலச்செப்பின் வழியாக இல்லறத்தாருக்கான இந்த ஒழுக்கம் தமிழிலும் நிலைபெற்றது.

இந்த விரதம் வெட்டும் செயலை எடைபோடுவதில்லை. அதன் பின்னுள்ள காரணத்தை எடைபோடுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் நாட்டுப்புறப் புல்தரையின் தேவைகள் தாமே பிரிந்துவிடுகின்றன. வீட்டைச் சுற்றி உலர்ந்த புல் தீயைக் கொண்டுவரும் என்பதால், கலிஃபோர்னியாவில் ஓராண்டுப் புற்களை நான்கு அங்குலத்துக்கு மேல் விடலாகாது என்று தீத்தடுப்புத் துறை வலியுறுத்துகிறது. இது பயனுள்ள வெட்டு. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் காட்டோரத்தின் நிழலிலும் உதிர்ந்த இலைகளிலும் பெருகுவதால், குழந்தைகள் விளையாடும் இடத்தையும் நடைபாதையையும் தாழ வெட்டிவைப்பதும் அவ்வாறே. ஆனால் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால், யாரும் நடக்காத சரிவில், வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்பதற்காக இயந்திரம் ஓடுமாயின், அங்கு பெயர்சொல்லத்தக்க பயன் எதுவும் எஞ்சுவதில்லை. நகரங்களில் புல்லின் உயரத்துக்குச் சட்டமும் அபராதமும் உண்டு, அண்டை வீட்டாரின் கண்ணும் உண்டு. நகர எல்லைக்கு வெளியே இவை பெரும்பாலும் இல்லாதபோதும் வாரக்கணக்கு தொடர்வது, அது பழக்கம் என்பதையே காட்டிக்கொடுக்கிறது.

பழக்கத்துக்கு விலையும் உண்டு. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர வீட்டுத் தோட்டங்களில் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய புல்தரைகளில் பூக்கள் இரண்டரை மடங்குவரை கூடியதையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியவற்றில் தேனீக்களின் எண்ணிக்கை மிகுந்ததையும் கண்டது. அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நூலான 'சாண்ட் கவுண்டி ஆல்மனாக்' (1949) இதைவிடக் கூர்மையான சான்றைத் தருகிறது. விஸ்கான்சினின் கிராமப்புறக் கல்லறை ஒன்றின் மூலையில், அரிவாளோ இயந்திரமோ படாததால் எஞ்சியிருந்த சில்ஃபியம் என்னும் பழைய புல்வெளிச் செடி, வேலி அகற்றப்பட்டவுடன் சாலைப் பணியாளர்களால் வெட்டப்பட்டதை அவர் பதிவு செய்கிறார். வெட்டியவர்களுக்குப் பகையோ ஆதாயமோ இருந்ததில்லை. அனர்த்த தண்டத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. விவிலியத்தின் ஆதியாகமம், தோட்டத்தைப் பண்படுத்துவதையும் காப்பதையும் மனிதனுக்கு ஒருசேர விதிக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் உடைமைக் கோட்பாட்டிலோ உழைப்புப் படாத நிலம் வீணான நிலம். இயற்கையும் இவ்வாதத்துக்கு ஓரளவு துணைநிற்கிறது. அமெரிக்கப் பிரெய்ரிப் புல்வெளிகளைத் தீயும் காட்டெருமையுமே புல்வெளிகளாக வைத்திருந்தன, கிழக்கு மாநிலங்களில் கைவிட்ட நிலம் சில பத்தாண்டுகளில் காடாகிவிடும். ஆகவே கையைக் கட்டிக்கொண்டிருப்பது மட்டுமே குற்றமின்மை ஆகாது. ஆனால் இவ்வாதம் முழு வலிமையோடு ஏற்கப்பட்டாலும், அது கேட்பது ஆண்டுக்கு ஒரு வெட்டு, அதுவும் தரையில் கூடுகட்டும் பாபலிங்க் போன்ற பறவைகளின் குஞ்சுகள் பறந்துபோன பின்னரான கோடை இறுதியில். அதே விவிலியத்தின் லேவியராகமம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு விதிப்பதை நோக்க, பண்படுத்துதல் என்பது ஓயாமல் கைவைப்பதன்று என்பது அம்மரபுக்கும் உடன்பாடே எனலாம்.

ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னும் வினாவுக்கு முழு நிலத்துக்கும் பொருந்தும் ஒரே எண் விடையாகாது. வாசலுக்கும் விளையாட்டிடத்துக்கும் வளர்பருவத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். வறட்சியில் அதுவும் வேண்டாம். தொலைவிலுள்ள சரிவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இந்த எண்களைவிட முக்கியமானது, காரணம் காட்டும் பொறுப்பு யாருடையது என்பது. வளர்ந்து நிற்கும் புல் தன் இருப்புக்கு விளக்கம் தரவேண்டும் என்பதே இன்று நிலவும் வழக்கு. சமண இல்லறநெறி அதைத் திருப்பிவைத்து, வெட்ட வருபவரிடம் விளக்கம் கேட்கிறது. அவரிடம் பயன் ஒன்று இருக்குமாயின் தடையின்றி வழிவிடுகிறது.