பற்றுச்சீட்டு இல்லாத உண்மை

ஹிந்தகலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பது என் தொழில். அரைக்கிலோ கராம்பைக் கடைப்பையில் கட்டிக்கொண்டு வரும் பெண்ணிடம் யார் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள்? நிறுப்பேன், காசைக் கொடுப்பேன், அவர் போய்விடுவார். வாப்பாவும் அப்படித்தான் செய்தார்.

2024/25ஆம் ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் 12 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரியில்லை. (2025 ஏப்ரலிலிருந்து அது 18 இலட்சம்.) என் கணக்கோ அந்தக் கோட்டின் மேல் நின்று ஆடியது. செலவுப் பக்கத்தில் நான் எழுதும் தொகைதான் என்னைக் கோட்டுக்கு இப்பாலோ அப்பாலோ தள்ளும்.

"எங்கட கடேல வெறும் பில் புத்தகம் ஈக்கிது நானா. வேண்டிய தொகைய எழுதிக்கோங்க. செலவு உண்மைதானே, தாள் மட்டுந்தானே பொய்?" என்றார் நண்பர் ஒருவர்.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. செலவு நடந்தது உண்மை. அதை நிரூபிக்க மட்டும் ஒரு பொய். இதில் யாருக்கு என்ன நட்டம்?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வருமானம் உழைப்பதற்காகச் செய்த செலவைக் கழிக்க இடம் தருகிறது. அதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று சலுகை தரும் அதே வசனம், வியாபாரத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. சீட்டு என்பது ஒரு சாட்சி. நடந்த சம்பவத்துக்கே என்றாலும், அங்கே இல்லாதவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது பொய்ச்சாட்சிதான்.

அப்படியானால் சீட்டில்லாத செலவு முழுவதையும் விட்டுவிடுவதா? அமெரிக்காவில் ஜோர்ஜ் எம். கோஹன் என்ற நாடகக்காரர் பயணத்துக்கும் விருந்துக்கும் செய்த செலவுக்கு எந்தக் கணக்கும் வைத்திருக்கவில்லை. வரி அதிகாரிகள் எதையும் ஏற்கவில்லை. 1930இல் நீதிபதி லேர்னட் ஹாண்ட், ஏதோ செலவு நடந்திருப்பது தெரியும்போது ஒன்றுமேயில்லை என்பது நியாயமல்ல, மதிப்பிட்டுக் கொடுங்கள் என்று தீர்ப்பளித்தார். ஆனால் கணக்கு வைக்காதது கோஹனின் குறை. ஆகவே மதிப்பீடு அவருக்குப் பாதகமாகவே சாயலாம் என்றும் சொன்னார். 1962இல் அந்நாட்டுச் சட்டம் பயணம், விருந்து போன்ற செலவுகளுக்கு இந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் உறைத்தது. போக்குவரத்துக்கு மாதம் 18,000 ரூபா என்று நினைவிலிருந்து எழுதி வைத்திருந்தேன். பழைய கொப்பி ஒன்றில் மூன்று மாதக் கணக்கு அகப்பட்டது. கூட்டிப் பார்த்தால் மாதம் 13,400க்கு மேல் போகவில்லை. மிச்சமெல்லாம் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோனதும் கம்பளையில் கல்யாண வீட்டுக்குப் போனதும். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஞாபகம் தானாகவே எனக்குச் சாதகமாகச் சாய்ந்துவிட்டது.

ஸக்காத் கணக்குப் பார்க்கும்போது நான் இப்படியில்லை. கையிருப்புச் சரக்கைக் கண்மதிப்பில் போடும்போது, குறைந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூட்டியே போடுவேன். அங்கும் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஒரே மனிதன், ஒரே சரக்கு. மதிப்பீடு மட்டும் ஏன் இரண்டு பக்கம் சாய்கிறது?

பெரிய கம்பனிகளிடம் எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது, சின்ன மனிதனிடம்தான் இல்லை என்பது உண்மை. நாம் கட்டும் வரியை ஆள்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதை 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது கண்டோம். கோபம் எனக்கும் உண்டு. ஆனால் உம்மாவைப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனபோது, வரி கட்டினாயா என்று எவரும் என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் மீதான கோபத்துக்கு இந்தப் பணம் விலையாகாது.

கொப்பியில் இருந்ததைப் போட்டேன். மற்ற மாதங்களுக்கு அதைவிடக் குறைத்துப் போட்டு, எப்படிக் கணித்தேன் என்பதையும் எழுதி வைத்தேன். கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வரி வந்தது, கட்டினேன்.

பிறகு கார்பன் வைத்த சிறிய சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நிறை, விலை, தொகை எழுதி, விற்பவரிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுப்பேன். வயதான ஒரு பெண், "எங்களுக்கும் கணக்கா முதலாளி?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் அதே பெண் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பேரன் கூட்டிப் பார்த்தானாம், 200 ரூபா குறைகிறதாம். பார்த்தேன், பெருக்கலில் நான்தான் தவறியிருந்தேன். காசைக் கொடுத்தேன்.

அரசாங்கத்திடம் என்னைக் காப்பாற்றும் சாட்சியாகத்தான் அதுவரை சீட்டை நினைத்திருந்தேன். இத்தனை வருடமாக என்னிடமிருந்து அவர்களைக் காப்பாற்ற ஒரு சாட்சி இருக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.