சொல்லத் தகாத உண்மை



நம் நைனார்பாளையம் சிற்றூர். ஒருவர் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குச் சென்று திரும்புவதற்குள் அவரது நோயின் பெயர் தெருவெங்கும் பரவிவிடுகிறது. "உள்ளதைத்தானே சொன்னோம்" என்று நாமும் மன அமைதி கொள்கிறோம்.

ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் நானும் அப்பிழையைச் செய்தேன். தம் மகளுக்கு வலிப்பு நோய் உண்டென்பதை ஒரு தாய் என்னை நம்பிக் கூறினார். இரக்கத்தால் அதனை உடன் பணியாற்றிய ஒருவரிடம் சொன்னேன். சில நாள்களில் அச்சிறுமியின் அருகில் அமர எவரும் முன்வரவில்லை. அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். நான் கூறியது பொய்யன்று. ஆயினும் அது வாய்மையாகுமா?

ஆகாது என்பதே ஜினாகமம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில், சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகப் பிறர் மறைபொருளை வெளிப்படுத்துதலையும் உமாசுவாமி வைத்துள்ளார். பிறருக்குக் கேடு விளைக்கும் மெய்யையும் இல்லறத்தார் உரைத்தலாகாது என்பது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் வகுத்த நெறி.

அவ்வாறாயின், எந்நிலையிலும் வாய் திறத்தல் கூடாதா? நாகாலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சென்னையில் இரத்ததானம் செய்தபோது அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. செய்தி வெளிப்பட்டு, நிச்சயித்த திருமணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைகாத்தல் மருத்துவரின் கடமையே எனினும், மணக்கவிருந்த பெண்ணின் உயிர்நலத்திற்கு ஊறு நேருமிடத்து அக்கடமை முற்றானதன்று என 1998-இல் தீர்ப்பளித்தது.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இதற்கு முறை வகுத்தது. தொற்றுடையவரே தம் துணைக்குக் கூறும்படி முதலில் அறிவுறுத்த வேண்டும். அவர் கூறமாட்டார் எனத் தெளிந்தால், அவரிடம் முன்னரே தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ அத்துணைவரிடம் நேரில் கூறலாம். தொற்றுடையவர் பெண்ணாயிருந்து, கூறுவதால் அவருக்கு வன்முறையோ கைவிடப்படுதலோ நேருமென்ற அச்சமிருப்பின், அதுவும் கூடாது. இவ்விலக்கில் அண்டை வீட்டாருக்கு இடமேயில்லை என்பதை நோக்குக.

ஆகவே, பிறர் நோயைப் பற்றி நா எழும்போதும், மருத்துவ அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கை நீளும்போதும் மூன்று வினாக்களை எழுப்புவோம். உரியவர் இசைந்தாரா? இசையாவிடின், மறைப்பதால் மற்றோர் உயிர்க்கு ஊறு நேருமா? நேருமெனில், அதனைத் தடுக்க வல்லவரிடம் மட்டுமே கூறுகிறோமா? இவற்றிற்கு விடையில்லையேல் மௌனமே அகிம்சை.

அத்தாயிடம் மன்னிப்பு வேண்ட எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. நீங்களேனும் அந்நிலை எய்தாதிருப்பீர்களாக.

வாழ்க ஜினதர்மம்!